ஓதம் ஏறும் நேரம்: சுங்கை பூலோவிலும் கிராஞ்சியிலும்

வெள்ளிக்கிழமை இரவு

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் முந்தைய நாளே பார்த்துவைக்க வேண்டியது, கடல்நீர் ஏறி வடியும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை. நாளைக் காலை பதினொன்றரை மணியளவில், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடைப்பட்ட ஜோகூர் நீரிணையில் ஓதம் உச்சத்துக்கு ஏறுகிறது. பௌர்ணமி நேற்றுதான் கழிந்தது என்பதால் ஏற்றம் நன்றாகவே இருக்கும். ஆகவே எட்டு மணிக்குள் உள்ளே போய்ச் சேற்று உயிர்களைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் பழைய இறால் குளங்களின் அருகே உள்ள பறவை நோக்கு குடிலில் உட்கார்ந்துவிடுவது என்று திட்டமிட்டிருக்கிறோம்.

இந்த முறை என்னோடு வருபவர் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்திருக்கும் என் தாய்மாமா. வயல் வேலையோடு வளர்ந்தவர். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வந்தவர், கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க எங்களைச் சிறு வயதில் அழைத்துப்போனவரும் அவரே. சிங்கப்பூருக்கு வந்தவர்களை மெரினா பேயைச் சுற்றிக் காட்டுவதே வழக்கம் என்றாலும், மாமாவுக்குக் காட்ட வேண்டியது இந்த ஊரின் வடமேற்கு மூலைதான் என்று எனக்கு முன்பே தோன்றியிருந்தது. தொலைநோக்கி, தொப்பி, மழைச் சட்டை, கொசு மருந்து, இரண்டு புட்டி தண்ணீர், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய இடியாப்பப் பொட்டலம் ஆகியவற்றைப் பையில் எடுத்து வைத்தாயிற்று. நவம்பர் மாதத்தில் பிற்பகல் மழை வராமல் இருந்தால்தான் வியப்பு.

சனிக்கிழமை

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925ஆம் எண் பேருந்தில் ஏறினோம். அடுக்குமாடி வீடுகள் பின்தங்கி, கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் அகன்ற நீர்ப்பரப்பு விரியத் தொடங்கும்போதே ஊரின் முகம் மாறிவிடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

கரையோரப் பாதையில் நுழைந்ததும் மாமா நின்ற இடம், வழக்கமாக எல்லாரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு வளைவு. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி முளைத்திருந்த மூச்சுவேர்களைப் பார்த்துவிட்டு, "இது நம்ம அலையாத்திதானே, பாப்பா?" என்று கேட்டார். அதே பேரினம்தான். கிளை ஒன்றைப் பறிக்காமல் மெல்ல வளைத்து இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் படிந்தாற்போன்ற அந்த அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாக உப்பு பூத்திருந்தது. வேர் உறிஞ்சும் உவர்நீரில் மிஞ்சும் உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியேற்றிவிடுகிறது. அதன் அருகிலேயே, தண்டிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றிய முட்டுவேர்களுடன் சுரபுன்னை நின்றது. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட பச்சைக் காய்போலத் தொங்கிக் கொண்டிருந்து, பக்குவம் வந்த பிறகே கீழே விழுகிறது. விழும்போது ஓதம் வடிந்திருந்தால் அங்கேயே சேற்றில் குத்தி நிற்கும். நீர் ஏறியிருந்தால் மிதந்து வேறொரு கரைக்குப் போய் வேர்விடும். கொஞ்ச தூரத்தில் தில்லை மரமும் இருந்தது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால் மாமா என்னைச் சற்றுத் தள்ளி நடக்கச் சொன்னார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரத்தைச் சிங்கப்பூரின் கடற்கரையில் கண்டது அவருக்கு நெடுநேரம் பேச்சாக இருந்தது.

நீர் இன்னும் முழுதாக ஏறாததால் கரையோரச் சேறு பளபளவென்று திறந்து கிடந்தது. மரப்பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நேர்கீழே பார்த்தால், சேற்றில் தத்தும் மீன்களில் பெரிய வகை ஒன்று, தான் தோண்டிய சிறு குட்டையின் விளிம்பில் கிடந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். தலையின் உச்சியில் துருத்திக் கொண்டிருந்த இரண்டு கண்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இழுத்து நனைத்துக் கொண்டது. கன்னங்கள் உப்பி இருந்தன, ஏனென்றால் செவுள் அறையில் நீரை நிறைத்துக்கொண்டுதான் அது வெளியே வந்து உலவுகிறது. ஈரமான தோல் வழியாகவும் அதனால் காற்றை எடுத்துக்கொள்ள முடியும். முன்துடுப்புகளை ஊன்றி அரையடி முன்னே வந்து, வாய் நிறையச் சேற்றை அள்ளி, குட்டையின் வரம்பில் கொண்டுபோய் உமிழ்ந்துவிட்டுத் திரும்பியது. அதே வேலையை அது விடாமல் செய்ததை இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று பின்னால் வந்தபோதுதான் நகர்ந்தோம்.

சேற்று இறால்கள் எழுப்பிய மண்மேடுகளை மாமா முதலில் கரையான் புற்று என்றே எண்ணினார். அந்த இறால் இரவில் அடிமண்ணைத் தின்று, சலித்து, மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த மேட்டில் பெரணி முளைக்கிறது, அதன் வளைகளில் நண்டு, பாம்பு, சிலந்தி எனப் பலவும் குடியிருக்கின்றன. அந்த இறாலைக் கண்ணால் காண்பது அரிது.

முக்கியப் பாலத்தின் நடுவில் சிறு கூட்டம் கூடியிருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சுங்கை பூலோ பெசார் ஆற்றின் எதிர்க்கரையில், மரத்துண்டு ஒன்றின் பக்கத்தில், செம்மூக்கு முதலை ஒன்று வாயைப் பிளந்தபடி படுத்திருந்தது. வாயைத் திறந்து வைப்பது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான். சீற்றத்தின் அடையாளம் என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் பாதையை விட்டு இறங்காதிருப்பதும், நீர் விளிம்பில் உட்காராதிருப்பதும் இங்கே கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டியவை. காப்பகம் முழுவதும் எச்சரிக்கைப் பலகைகள் உள்ளன. காட்டுயிர்களுக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். மனிதக் கையில் இரை கிடைக்கும் என்று முதலை கற்றுக்கொண்டால், அதன் விலையைக் கடைசியில் முதலைதான் கொடுக்கும்.

பாலத்தைத் தாண்டி வலசைப் பறவைப் பாதையில் திரும்பினோம். இந்த நிலம் ஒரு காலத்தில் மீன், இறால் பண்ணையாக இருந்தது. 1986இல் அன்றைய மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், கைவிடப்பட்டுக்கொண்டிருந்த இந்தக் குளங்களில் வலசைப் பறவைகள் பெருந்திரளாக இறங்குவதைக் கவனித்து, இவ்விடத்தைக் காக்க வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பித்தார்கள். 1989இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6ஆம் தேதி அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்துவைத்தார். 2002இல் 130 ஹெக்டர் பரப்புடன் சட்டப் பாதுகாப்புள்ள காப்பகமாக உயர்ந்தது. 2003இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியைச் சிங்கப்பூரில் முதன்முதலாகப் பெற்றது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் கோடியக்கரை இடம்பெற்றதும் அதே 2002ஆம் ஆண்டுதான் என்று சொன்னபோது மாமா தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். ஒரு சில பேர் தொலைநோக்கியோடு வந்து, பார்த்ததை எழுதிவைத்து, பொறுமையாக எடுத்துச் சொன்னதால் மட்டுமே இந்தக் கரை இன்று இப்படி இருக்கிறது என்பதை நான் யாரை இங்கே அழைத்து வந்தாலும் சொல்லாமல் விடுவதில்லை.

குடிலுக்குப் போகும் வழியில் ஒரு மதகு. மாமாவின் நடை அங்கே தானாக நின்றது. காவிரிப் பாசனத்தில் வாழ்ந்தவருக்கு மதகைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? பண்ணைக் காலத்தில் ஓதம் ஏறும்போது மதகைத் திறந்து கடல்நீரோடு இறால் குஞ்சுகளையும் உள்ளே விட்டு, பிறகு அடைத்து வளர்த்து, ஓதம் வடியும்போது வலை கட்டி மதகைத் திறந்து பிடித்தார்கள். இன்று அதே மதகுகளைக் கொண்டு காப்பகப் பணியாளர்கள் குளத்து நீரின் மட்டத்தைப் பறவைகளுக்காக ஏற்றி இறக்குகிறார்கள். நீரைத் தாழ்த்தி வைத்தால் சேறு வெளிப்பட்டு உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் நிற்க இடம் கிடைக்கும். மதகை அடைத்தே வைத்தால் குளம் நிரம்பிவிடும், திறந்தே விட்டால் சில ஆண்டுகளில் அலையாத்தி, சுரபுன்னை போன்ற கண்டல் மரங்கள் முளைத்துக் குளத்தை மூடிவிடும். இரண்டு நிலையிலும் கரைப்பறவைக்கு இடமில்லை. புகலிடம் என்றால் மனிதர் கைவைக்காமல் விட்டுவிட்ட இடம் என்று நினைக்கிறவர்கள் இந்த மதகடியில் சற்று நேரம் நிற்க வேண்டும். நீர் பாயும் வாயருகே ஒரு தோசிக்கொக்கு கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு கம்பியில் உட்கார்ந்திருந்தது. நீரோடு வந்த சிறு மீன் ஒன்று திரும்பிய அதே கணத்தில் கழுத்து நீண்டு, மீன் அலகில் இருந்தது. "காத்திருக்கிறது, ஆனால் தூங்கவில்லை" என்றார் மாமா.

பத்து மணி ஆயிற்று. குடிலின் மரப்பலகைச் சாளரத்துக்கு அப்பால் குளம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது: சின்னக் கொக்குகள் சில, ஒரு சாம்பல் நாரை, சேற்று மேட்டில் வெயில் காயும் உடும்பு ஒன்று. எங்களுக்கு முன்பே வந்து பெரிய கேமராவோடு காத்திருந்த சீன முதியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டி இன்னும் கொஞ்சம் என்று சைகை செய்தார்.

அவர் காத்திருந்த காரணம் கிழக்கே இருக்கிறது. ஓதம் வடிந்திருக்கும்போது கரைப்பறவைகள் இங்கே இல்லை. மண்டாய் சேற்றுப்பரப்பில் புழுவும் சிப்பியும் நண்டும் தேடி மேய்கின்றன. நீர் ஏறி அந்தச் சேற்றுப்பரப்பு மூழ்கியதும் நிற்க இடமில்லாமல் எழுந்து, கரையோரமாகவே பறந்து, சுங்கை பூலோவின் குளங்களுக்கு ஒதுங்க வருகின்றன. ஒன்று சாப்பிடும் இடம், மற்றொன்று இளைப்பாறும் இடம். இரண்டில் ஒன்று போனால் மற்றொன்றும் பயனற்றுப் போகும். இந்த உண்மையைப் பறவைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து உறுதிசெய்த பிறகே, 72.8 ஹெக்டர் பரப்பில் மண்டாய் கண்டல்காட்டையும் சேற்றுப்பரப்பையும் இயற்கைப் பூங்காவாக ஆக்கும் முடிவு 2018இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் இவை அனைத்தையும் இணைத்து 400 ஹெக்டருக்கும் மேற்பட்ட சுங்கை பூலோ இயற்கைப் பூங்காத் தொகுப்பும் அறிவிக்கப்பட்டது. நிலம் இத்தனை அருமையான ஒரு நாட்டில், பறவைக்கு இரண்டு இடம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டது பெரிய காரியம் என்பதே என் கருத்து.

பத்தரைக்குச் சற்று முன் முதல் கூட்டம் வந்தது. பவளக்காலிகள், சிவந்த கால்களையுடைய கரைப்பறவைகள். மரங்களுக்கு மேலாகத் தாழ்ந்து வந்து, ஒரே திருப்பத்தில் இறக்கையின் வெள்ளைப் பட்டை அனைத்தும் ஒருசேரத் தெரியும்படி சாய்ந்து, சீழ்க்கை போன்ற மும்முறைக் குரலோடு சேற்றில் இறங்கின. அடுத்தடுத்து வந்தவை கூட்டத்தின் ஓரத்தில் சேர்ந்துகொண்டே போயின. அவற்றுக்கு இடையே சின்னக் கோட்டான்கள் (ஆந்தையல்ல, இதுவும் கரைப்பறவைதான்) வந்தன: கோழியளவு உடல், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு, தலையில் கரும்பட்டைகள். நண்டு வளைக்குள் அலகை விட்டு எடுக்க அந்த வளைவுதான் உதவுகிறது. ஒரு கோட்டான் மட்டும் வரும்போதே நண்டு ஒன்றைக் கவ்வி வந்திருந்தது. தலையை வேகமாக உதறி உதறி நண்டின் கால்களைக் கழற்றிவிட்டு, உடலை மட்டும் அண்ணாந்து விழுங்கிற்று. பிறகு அதுவும் மற்றவற்றோடு போய் நின்றது. வரப்பின் மேல், பொன் தூவிய முதுகோடு பசிபிக் பொன் உப்புக்கொத்திகள் காற்று வரும் திசையை நோக்கி ஒரே பக்கமாகத் திரும்பி நின்றன. பச்சைக்காலிகள் சில தனியே, முழங்கால் அளவு நீரில்.

பதினொன்றரை மணிக்குக் குளம் முழுதும் பறவை. ஆனால் ஏறக்குறைய எதுவும் அசையவில்லை. எங்களுக்கு மிக அருகில் நின்ற பவளக்காலியைத் தொலைநோக்கியில் மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கி வைத்திருந்தது. அலகை முதுகு இறகில் செருகியிருந்தது. மற்றொரு கால் மட்டும், ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில், கணுவரை சேற்றில் நின்றது. சாம்பல் இமை மூடும், சில விநாடி கழித்துத் திறக்கும், பருந்தின் நிழல் உண்டா என்று பார்த்துவிட்டு மீண்டும் மூடும். அந்தக் காலில் பச்சையும் வெள்ளையுமாகச் சிறு பட்டை ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் பிடித்து வளையமிட்டு விடுவித்த கரைப்பறவைக்கு இந்த இரு நிறங்கள்தான் அடையாளம். ஆஸ்திரேலியாவிலோ சீனாவிலோ யாராவது இதைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிடலாம்.

இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் பவளக்காலிகளில் சிலவற்றின் மீது தடங்காணும் கருவி பொருத்தி அனுப்பியபோது, அவை திபெத்தியப் பீடபூமியில் இனப்பெருக்கம் செய்வதும், அவற்றில் சில இமயமலையைத் தாண்டியே அங்கே போவதும் தெரியவந்தது. கிழக்காசிய ஆஸ்திரேலிய வலசைப் பாதை என்று நாம் வரைபடத்தில் இழுக்கும் கோடு கடலோரமாக வடகிழக்கே போகிறது. இந்தப் பறவையோ வடமேற்கே மலையை ஏறிக் கடந்திருக்கிறது. நூற்றைம்பது கிராம்கூடத் தேறாத உடம்பு. பொன் உப்புக்கொத்தியின் ஊர் இன்னும் தொலைவு: சைபீரியத் தூந்திரமும் அலாஸ்காவின் மேற்குக் கரையும். இப்படித் தொலைவு போகும் பல கரைப்பறவைகளுக்கு, வழியில் மஞ்சள் கடலின் சேற்றுப்பரப்புகளில் இறங்கித் தின்று கொழுத்தால்தான் மீதிப் பயணம் சாத்தியம். அங்கே பெரும் பரப்புகள் கடற்சுவர் கட்டி நிலமாக்கப்பட்டுவிட்டன. தென்கொரியாவின் சேமங்கும் சுவர் மட்டும் 33 கிலோமீட்டர் நீளம். இங்கே ஒரு குளத்தை எவ்வளவு கவனமாகக் காத்தாலும், அங்கே மறித்துவிட்டால் அடுத்த ஆண்டு வந்து நிற்பவை குறையும். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது போலும். சீன முதியவர் உதட்டில் விரல் வைத்தார்.

"கோடியக்கரைக்கு வரும் பவளக்காலியும் அந்தப் பீடபூமியிலிருந்துதான் வருமோ?" என்று மாமா தாழ்ந்த குரலில் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவர் பிறந்த கரையிலும் நான் வாழும் கரையிலும் ஒரே இனம் ஒரே மாதத்தில் ஒற்றைக்காலில் நிற்கிறது என்பது எங்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

பால்நாரைகள் நான்கைந்து நடுக்குளத்தில் அலகைத் திறந்தபடி நீரைத் துழாவிக் கொண்டிருந்தன. உலக அளவில் அழியும் தறுவாயில் உள்ள இனம் என்றாலும், இங்கே பறப்பவை பழைய நாளில் உயிரியல் பூங்காக்களிலிருந்து திறந்துவிடப்பட்ட பறவைகளின் வழிவந்தவை. மஞ்சள் மூக்கு நாரையோடு கலந்து கலப்பினமும் உருவாகியிருப்பதால், எது தூய இனம் என்று பிரிப்பது எளிதல்ல.

ஒரு மணிக்குப் பிறகு நீர் வடியத் தொடங்க, கூட்டத்தின் ஓரத்தில் சலசலப்பு எழுந்தது. இருபது முப்பதாக எழுந்து கிழக்கே போயின. நாங்களும் எழுந்தோம். திரும்பும் வழியில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வரப்பைக் கடந்து மறுபக்கக் குளத்தில் இறங்கியது; பெரியதொன்று மீனைக் கடித்துத் தின்னும் நொறுக்கென்ற ஒலி கேட்குமளவு அருகில். சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்ட இந்த நீர்நாய்கள் 1990களின் பிற்பகுதியில் நீரிணையைக் கடந்து முதலில் திரும்பிவந்த கரைகளில் சுங்கை பூலோவும் ஒன்று. இரண்டரை மணிக்கு மழை கொட்டியது. வருகையாளர் நிலையத்தில் ஒதுங்கி இடியாப்பத்தைச் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை

நேற்றைக்குப் பிறகு இன்று எழுத அதிகமில்லை. ஆனால் கிராஞ்சி சதுப்பை விட்டுவிட மனம் வரவில்லை. சுங்கை பூலோ உவர்நீர் என்றால் இது நன்னீர். 1970களில் கிராஞ்சி ஆற்றின் முகத்தில் அணை கட்டி நீர்த்தேக்கம் ஆக்கியபோது தாழ்வான ஓரங்களில் நீர் தேங்கி உருவான சதுப்பு. 56.8 ஹெக்டர் பரப்போடு 2016 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இங்கே ஓத அட்டவணைக்கு வேலை இல்லை. விடிந்ததும் போனால் போதும்.

கண்காணிப்புக் கோபுரத்தின் மேலிருந்து பார்க்கும்போது நாணலுக்கு இடையே நீலத் தாழைக்கோழி ஒன்று நீண்ட விரல்களால் மிதக்கும் இலைகளை மிதித்து நடந்தது. நீலவால் பஞ்சுருட்டான்கள் மேலே தும்பி பிடித்துக்கொண்டிருந்தன. மஞ்சள் குருகு ஒன்று தலையை மேலே நிமிர்த்தி நாணலோடு நாணலாக நின்றதை மாமாதான் முதலில் கண்டார். தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கண்டதும் அவருக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் குறிப்பு முடியாது.

திறந்த நீர்ப்பரப்பு இங்கும் தானாக நீடிப்பதில்லை. ஆகாயத்தாமரையும் பிற நீர்ச்செடிகளும் விட்டால் மூடிவிடும் என்பதால் அவ்வப்போது அகற்றுகிறார்கள். அகற்றினால்தான் தாழைக்கோழிக்கும் சீழ்க்கைச் சிரவி என்ற வாத்துக்கும் நீந்த இடம் உண்டு. சதுப்பின் உட்பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டுமே செல்ல முடியும். இந்தக் கட்டுப்பாட்டைக் குறைகூறுகிறவர்கள் உண்டு; கூடு கட்டும் பறவைக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் குறைகூறத் தோன்றாது.

மாமா ஊர் திரும்ப இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை புலாவ் ஊபின் தீவில் உள்ள செக் ஜாவாவுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். 2001 டிசம்பரில், கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்திலிருந்து தப்பிய கரை அது. அங்கே பார்க்க வேண்டியவை கடலடியில் இருப்பதால் ஓதம் நன்றாக வடிந்த நேரத்துக்குப் போக வேண்டும். அட்டவணையை மாமாவே எடுத்து வைத்துக்கொண்டார்.